பால்மாவுக்கு றேடியோ பிடித்தவன்

பால்மா அடைத்த தகரப் பேணி ஒன்றின் பக்கத்தில் றேடியோவைப் பிடித்து, அதில் கேட்ட இரைச்சலை வைத்து, உள்ளே இருக்கும் மா நஞ்சு என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அப்போது நான் பௌதிகவியலில் பட்டம் வாங்கி, சட்டைப் பையில் இரண்டு நிறப் பேனை குத்திக்கொண்டு, உடுப்பிட்டியில் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். படியாதவன் செய்திருந்தால் அதை மூடநம்பிக்கை என்றிருப்பார்கள். நான் செய்ததால் பரிசோதனை என்றார்கள்.

இதை இப்போது கிளறவேண்டி வந்தது ஒரு கோபுரத்தால். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் உள்ள வெறுங்காணியில் கைத்தொலைபேசிக் கொம்பனி ஒன்று கோபுரம் எழுப்பப் போகிறதாம். போன கிழமை எதிர்ப்பாளர்கள் சிலர் கையெழுத்துக்கு வந்தார்கள். புற்றுநோய் வருமாம். தென்னை குரும்பையிலேயே கொட்டுமாம். குருவி முட்டை இடாதாம். இவ்வளவையும் அவர்கள் தெரிந்துகொண்டது கைத்தொலைபேசியில்தான். அதிலே ஒருவர் என்னிடம், "சேர், நீங்கள் பிசிக்ஸ் படிச்சனீங்கள். உது உண்மையோ?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி வந்தவர்களுக்குத் தேநீர் போட, சுடுதண்ணீரில் பால்மா கரையும் வாசம் குசினியிலிருந்து வந்தது. இனிப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல், குழந்தையின் கழுத்து மடிப்பில் இருக்குமே, அந்த வாசம். திறந்த வாயை மூடிக்கொண்டேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். அவர்களுக்கு ஏமாற்றம். மனைவிக்கு ஆச்சரியம். நான் ஒரு விஷயத்தில் கருத்துச் சொல்லாமல் விட்டதை அவள் கலியாணம் கட்டிய நாளிலிருந்து கண்டதில்லை.

அணு உலை அன்றைய சோவியத் நாட்டில் வெடித்தது எண்பத்தாறு சித்திரையில். அதன் பயம் எங்கள் ஊருக்கு வந்து சேர ஆவணியாகிவிட்டது. எல்லாமே லொறியில் வருகிற ஊர். அதைக் கொண்டுவந்து இறக்கியவர் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் போஸ்ற்மாஸ்ரர்தான். விடிய எழும்பி வெளிநாட்டு றேடியோக்களை எல்லாம் கேட்பார். பிறகு பழைய பழக்கத்தில் செய்திகளைத் தரம்பிரித்து, செல்லத்துரை அண்ணையின் கடையடியில் நின்று ஆளுக்காள் விநியோகிப்பார்.

"ஐரோப்பா முழுக்க அணுத் தூசி. மாடு தின்ன புல்லிலை தூசி, பாலிலை தூசி, மாவிலை தூசி. அந்த மா எங்கை வருகுது? இந்தா, செல்லத்துரையின்ரை கடைத் தட்டிலை."

செல்லத்துரை அண்ணை தராசைத் துடைத்தபடி சொன்னார்: "என்ரை தட்டிலை இருக்கிறது ரஷ்யத் தூசி இல்லை. எங்கடை றோட்டுத் தூசி."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடியமுன் பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டர் வந்தது. கடையடி ஒரு நொடியில் வெறுமையானது. அது மேலே ஒருதரம் சுற்றி, கடற்கரைப் பக்கம் கொஞ்சம் சுட்டுவிட்டுப் போன பிறகு, சுவருக்குப் பின்னாலிருந்தும் மதகுக்கு அடியிலிருந்தும் சனம் உடுத்த சாரத்தின் புழுதியைத் தட்டிக்கொண்டு வந்தது. வந்ததும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து கேட்டார்: "அப்ப, போஸ்ற்மாஸ்ரர், அந்த அணுத் தூசிக்கு மணம் இருக்கோ?"

நீங்கள் சிரிக்கலாம். ஹெலி சுட்டால் எங்கே படுப்பதென்று எங்களுக்குத் தெரியும். பீரங்கிச் செல்லின் சத்தத்தை வைத்து, அது எங்கே விழும் என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லும். மணமும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் பேணிக்குள் ஒளிந்துகொண்டு வருகிற சாமானுக்கு எங்கே படுப்பது?

கேள்வி என்னிடம் வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனித்தது. என் மாணவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் "இது சோதினைக்கு வருமோ சேர்?" என்பது மட்டும்தான். முதல்முறையாக ஓர் ஊர் பௌதிகவியலைத் தன் தேவைக்காகக் கேட்டது. காற்று, புல், மாடு, பால் என்று நான் விளக்கினேன். அரைவாழ்வுக் காலம் என்ற சொல்லை அரிசி மூட்டைக்கு முன்னால் நின்று உச்சரித்தேன். கேட்டவர்களுக்கு விளங்கியது ஒன்றுதான்: படித்த பொடியனும் பயப்படுகிறான்.

பால்மா விற்பனை படுத்தது. பால்மாக் கொம்பனி தன் வான் வண்டியில் ஒரு பிரதிநிதியை அனுப்பியது. கழுத்துப் பட்டி கட்டிய மெலிந்த இளைஞர். சந்தியில் எல்லோரும் பார்க்க ஒரு பேணியை உடைத்து, கரைத்து, கிளாசை உயர்த்திக் காட்டிவிட்டுக் குடித்தார்.

"விழுங்கேல்லை. கன்னக் கொடுப்புக்கை வைச்சிருக்கிறான்."

"விழுங்கீட்டான். தொண்டை அசைஞ்சது."

"அது கொழும்பிலையிருந்து அவன் தனக்கெண்டு கொண்டந்த மா."

கூட்டத்தின் கரையில் மங்கையக்கா நின்றார். எங்கள் வேலிக்கு அடுத்த வளவு. புருஷன் கப்பலில். பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் நெருப்புக் காய்ச்சல் வந்து, அவருக்குப் பால் வற்றிவிட்டது. லொறி வரும் பாதையை ஆமி எப்போது பூட்டும் என்று தெரியாத காலமாதலால், ஒரு பெட்டி பால்மாவை முற்கூட்டியே வாங்கி அடுக்கி வைத்திருந்தார். அந்தப் பெட்டிதான் பிள்ளை வாசுகியின் சாப்பாடு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "தம்பி, உங்கடை பிள்ளைக்கு இதைக் குடுப்பீங்களோ?"

பிரதிநிதி சிரிக்கப் பார்த்தார். "எனக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை அக்கா."

அந்தப் பதிலோடு கொம்பனி எங்கள் ஊரில் தோற்றது. பிறகு கொம்பனி தன் லேபலை மாற்றியது. பச்சைப் புல்லில் நின்ற மாடு புதுப் பேணியில் பனிமலை ஒன்றுக்கு முன்னால் நிற்கும் என்று விளம்பரம் வந்தது. "மாடு நாடு மாறீட்டுது. பாஸ்போட் ஆர் எடுத்துக் குடுத்தது?" என்றார் போஸ்ற்மாஸ்ரர். கடைகளில் இருந்த பழைய பேணிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு, புதியவை அடுத்த லொறியில் வரும் என்றார்கள். மங்கையக்கா தன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினார். விற்றது விற்றதுதான், கடையில் இருப்பதை மட்டுமே எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஏற்றிப்போன பழைய பேணிகளுக்குப் புது லேபல் ஒட்டி வேறெங்கோ விற்றதாகப் பிறகு கதை வந்தது. அது உண்மையோ தெரியாது. நம்பாத ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

அன்று பின்னேரம் மங்கையக்கா பெட்டியோடு எங்கள் விறாந்தைக்கு வந்தார். "தம்பி, நீ படிச்சனி. இதைக் குடுக்கலாமோ, குடுக்கக்கூடாதோ? ஒண்டைச் சொல்லு."

அளக்கிற கருவி எங்கள் பக்கத்தில் எங்கேயும் இல்லை. தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் பட்டதாரிகளுக்கு வாயில் வராது. கதிர்வீச்சை அளக்கும் கருவி இரையும் என்று எங்கோ வாசித்திருந்தேன். றேடியோவும் இரைகிறதே! நிலையம் ஏதும் பிடிபடாத இடத்தில் முள்ளை நிறுத்தி, றேடியோவைப் பேணிக்குக் கிட்டக் கொண்டுபோனேன். கர்ர்ர் என்றது. விலக்கினேன், அடங்கியது. திரும்பக் கிட்டக் கொண்டுபோனேன். கர்ர்ர்.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த போஸ்ற்மாஸ்ரர் மூச்சை இழுத்தார். "கதைக்குது!"

மங்கையக்கா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

வெளியே கொட்டினால் கோழி கொத்தும். ஆகவே வேலிக்கரையில் நானே கிடங்கு வெட்டினேன். கதிர்வீச்சு ஊறிக் கிணற்றுக்குப் போய்விடாதபடி, பேணிகளை உரப் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி மண்ணுக்குள் தாட்டேன். அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

பிள்ளைக்குப் பக்கத்து வளவு மாட்டின் பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். ஒத்துக்கொண்டது. நான் உயிர் காத்தவன் என்ற நடையோடு ரியூட்டரிக்குப் போய்வந்தேன். மாரி வந்து போனது. புது மாட்டுப் படம் போட்ட பேணி வரவேயில்லை. தை பிறந்தபோது பாதையும் பூட்டுப்பட்டுவிட்டது. மண்ணெண்ணெய் இல்லை, மா இல்லை, லொறி இல்லை. ஒருநாள் காலை மேய்ச்சல் தரையில் செல் விழுந்து அந்த மாடும் செத்துப் போனது. அணுவைப் பற்றி ஒன்றும் தெரியாத மாடு.

ஆட்டுப் பாலை வாசுகி கக்கியது. கஞ்சித் தண்ணீர் வயிற்றில் நிற்கவில்லை. பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, எந்தப் பால்மா என்றாலும் தேடிக் கொடுங்கள், இனிச் சுணங்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். செல்லத்துரை அண்ணை தன் வெறும் தட்டைக் காட்டினார். மங்கையக்கா நெல்லியடி வரை கடை கடையாக நடந்துவிட்டு, மத்தியான வெயிலில் என் முன்னால் வந்து நின்றார். கையில் மண்வெட்டி.

"தோண்டு."

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. இப்ப மாதக் கணக்காப் போச்சு. அரைவாழ்வுக் காலத்தின்படி பார்த்தால் பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கும். ஆனால் சில வகை..."

"எனக்குப் பாதி, கால் எண்டு சொல்லாதை. பிள்ளையை ஒருக்காத் தூக்கிப் பார்."

தூக்கினேன். வெறும் சட்டையைத் தூக்கியதுபோல் இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. நான் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை வாங்கினேன்.

உரப் பைக்குள் பேணிகள் விளிம்பில் மட்டும் கொஞ்சம் கறள் பிடித்துக் கிடந்தன. மூடியைக் கிளப்பி, உள்ளே இருந்த வெள்ளித் தாளைக் கிழித்தபோது, அந்த வாசம் அப்படியே வந்தது. மங்கையக்கா கரைத்தார். கரைத்ததைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விழுங்கு."

விழுங்கினேன். வயிற்றுக்குள் ஏதும் நடக்கிறதா என்று கவனித்தேன். இது உடனே தெரிகிற சாமான் இல்லை என்று வகுப்பில் படிப்பிப்பவனும் நான்தான். அக்காவும் அதை அறிவார். ஆனாலும் வேறு வழி இல்லை. கரண்டியில் எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தார். பால் முடிந்த பிறகும் வாசுகி கரண்டியை விடவில்லை. இழுத்து எடுக்கவேண்டி இருந்தது. அதைப் பார்த்தபடி அக்கா அழுதார். நான் மண்வெட்டியைக் கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு பல கிழமை என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. ஏதாவது சாட்டு வைத்து அடுத்த வளவுக்குப் போவேன். பிள்ளையின் தலைமயிர் கொட்டுகிறதா, தோல் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பேன். பிள்ளை கன்னம் வைத்து, பல் முளைத்து, என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. அப்போதும் நான் நம்பவில்லை. வைகாசியில் ஆமி வந்தபோது ஊர் முழுக்க ஒரு கோயிலுக்குள் அடைந்து கிடந்தோம். மங்கையக்கா உடுத்த உடுப்போடு கடைசிப் பேணியை மட்டும் தூக்கி வந்திருந்தார். மற்றத் தாய்மார் கிளாசோடும் சிரட்டையோடும் வந்தார்கள். ஒரு கரண்டி, அரைக் கரண்டி என்று போட்டுக் கொடுத்தார். தேர்முட்டியடியில் கிடந்த போஸ்ற்மாஸ்ரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் போய், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட காலத்தில், தற்செயலாக ஒரு வெறும் பிஸ்கற் பேணி என் றேடியோவுக்குக் கிட்ட இருந்தது. கர்ர்ர் என்றது. விலக்கினேன், அடங்கியது. தகரத்தைக் கிட்டக் கொண்டுபோனால் றேடியோவின் ஏரியல் குழம்பும். அது அலைகள் பற்றிய பாடத்தில் வருகிற விஷயம். வருடாவருடம் நான் படிப்பித்த பாடம். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சுற்றுவதை நிறுத்திவிட்டு, பேணியைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தேன்.

இப்போது அந்தக் கடையடி இல்லை. கடைக்குக் கூரை போன பிறகு சுவரும் போய், அந்த இடத்தில் வங்கி ஒன்றின் பணம் எடுக்கும் இயந்திரம் நிற்கிறது. செல்லத்துரை அண்ணை வன்னியில் மலேரியாவில் போனார். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் போஸ்ற்மாஸ்ரர் தன் றேடியோவைத் துவாயில் சுற்றிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் உண்டு. போய்ச் சேர்ந்ததைக் கண்டவர் இல்லை. பனிமலை மாட்டை நான் கடைசிவரை காணவேயில்லை. அந்தக் கொம்பனியும் இன்னொரு கொம்பனிக்குள் கரைந்துவிட்டதாம். எதிலேயாவது குறை கண்டுபிடித்து, கடையடியில் நின்று, ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அந்தச் சனமும் இல்லை. இப்போது ஆளுக்காள் தனித்தனியாகக் கைத்தொலைபேசியில் பயப்படுகிறார்கள்.

மங்கையக்காவும் வாசுகியும் வெளிநாட்டில். போன வருடம் சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு அக்கா வந்திருந்தார். இவ்வளவு காலமும் மனத்தில் கிடந்ததை அவரிடம் சொன்னேன். இரைந்தது தகரம்தான், பாலில் என்ன இருந்தது என்று அந்த றேடியோவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, முதல் நாளே கொடுத்திருக்கலாம், எல்லாம் என்னுடைய மடைத்தனம் என்றேன். அவர் ஆறுதலாகத் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு உனக்கு மூளை வேலை செய்திருந்தால், தம்பி, அந்தப் பேணி அவ்வளவும் தைப்பொங்கலுக்கு முந்தியே முடிஞ்சிருக்கும். பிள்ளை தப்பினது உன்ரை மடைத்தனத்தாலைதான். பெரிய ஆள் மாதிரிக் கவலைப்படாதை."