அமெரிக்காக்காரிக்குச் சொந்தக்காரர் யார்

தொண்ணூறுகளில் ஒருநாள், யாங்கோன் நகரத்துக்குள் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தை அகற்றப்போவதாக அரசாங்கத்தில் அறிவித்தார்கள். சொந்தக்காரர்கள் எலும்புகளைத் தோண்டி எடுத்து ஊருக்கு வெளியே புதைத்துக்கொள்ளலாம். கேட்க ஆளில்லாத கல்லறைகளின் மேல் இயந்திரம் ஓடும். அங்கே எனக்கு ஒருத்தி இருந்தாள். அமெரிக்காக்காரி.

சிரிக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தக் கப்பலேறி வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகக் கூலி லைனில் காலராவுக்குத் தாய் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு தமிழ்க் குழந்தையை எடுத்து வளர்த்தாள். அந்தக் குழந்தைதான் என் அம்மாவின் பாட்டி. வளர்த்தவள் ஏசுவைச் சொல்லிக்கொடுத்தாள். வளர்ந்தவளோ மாரியம்மனைக் கும்பிடுகிற துறைமுகத் தொழிலாளியைக் கட்டிக்கொண்டாள். சண்டை வந்திருக்கும், வராமலா? ஆனால் உறவு அறுபடவில்லை. யாங்கோனின் பபேடான் பகுதியில் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குப் படைக்கும்போது அவளுக்கும் ஓர் இலை உண்டு. மற்ற இலைகளில் சோறும் வடையும். அவள் இலையில் ரொட்டியும் வாழைப்பழமும், பக்கத்தில் பால் விடாத தேநீரும்.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், தன் குடும்ப வரலாற்றைத் தேடி அலைகிறவர். அவள் அவருடைய கொள்ளுப்பாட்டிக்கு அக்காவாம். கல்லறையைச் சுத்தம் செய்வது நாங்கள்தான் என்று காவல்காரர் சொல்லி எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். வந்தவர் வம்சப் படம் ஒன்றை மேஜையில் விரித்தார். மற்றவர்களுக்குக் கீழே கிளை கிளையாகப் பெயர்கள். அவள் பெயருக்குக் கீழே மட்டும் "வாரிசு இல்லை" என்று எழுதியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நாங்கள் இருக்கிறோமே" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"மன்னிக்கணும் அம்மா, இது ரத்த உறவுக்கான படம்" என்றார் மரியாதையாக. இலை போடுகிற கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். படையல் போடுவதெல்லாம் அவளுக்கு ஆகவே ஆகாதாம், பார்த்தால் கொதித்துப்போவாளாம்.

"வந்து திட்டட்டும். பிள்ளையைத் திட்ட அவளுக்கு உரிமை இருக்கு."

ரத்த உறவாக அவரே கையெழுத்துப் போட்டு எலும்பை வாங்கித் தரும்படி கேட்டேன். கல்லைப் படம் எடுத்தாயிற்று, அது போதும், எலும்பை வைத்து என்ன செய்வது என்றார். அதோடு என் இங்கிலீஷ் தீர்ந்துபோனது. "படம் எடுத்துட்டுப் போறவரு சொந்தம், வருஷா வருஷம் இலை போடுறவ அசலாளா?" என்று தமிழில் கத்தினேன். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். மறுநாள் எலும்பெடுக்க அனுமதி கொடுக்கிற ஆபீசுக்கு நான் கூப்பிட்டதும் கூடவே வந்தார்.

ஆபீசில் இருந்த பர்மாக்காரர் கல்லறைப் பதிவில் இருந்த பேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அமா, இது வெள்ளைக்கார அம்மா. நீங்க கலா. உங்களுக்குள்ள என்ன உறவு?"

பர்மிய மொழியில் அமா என்றால் அக்கா, கலா என்றால் இந்தியக்காரி. பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்த வார்த்தை.

"அவ எடுத்து வளர்த்த பிள்ளையோட வம்சம் நான்."

"பெத்த பிள்ளை இல்லையே?"

"சயா" என்று அவர்கள் மொழியில் ஐயா போட்டுக் கேட்டேன். "உங்க பர்மா வழக்கத்துல ஊரறிய எடுத்து வளர்த்த பிள்ளைக்குச் சொத்து உண்டா, இல்லையா?"

"உண்டு."

"வீடு உண்டு, நிலம் உண்டு. எலும்பு மட்டும் கிடையாதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெள்ளைக்காரரைப் பார்த்தார். வெள்ளைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். முத்திரை விழுந்தது.

தோண்டுகிற அன்றைக்கும் பெரியவர் வந்திருந்தார். நல்ல வெயில். குழி தோண்டுகிறவர் உள்ளே இறங்கி வெள்ளைத் துணியில் எலும்புகளைச் சேர்த்து முடிந்தார். அதை முதலில் சொந்தக்காரர்தான் கையில் வாங்க வேண்டும் என்பது குழி தோண்டுகிறவர்களின் பழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் கை பெரியவர் பக்கம் நீண்டது. பெரியவர் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"இங்க கொடுங்க" என்றேன். "அவ பிள்ளைங்க நாங்கதான்."

பச்சைப் பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.