மக்கின்டயரும் எங்கள் வீட்டு இனிஷியலும்

என் மகள் ஸ்காட்லாந்துக்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. அதற்கு முன்பே வீடியோ காலில் பையனைப் பலமுறை பார்த்துவிட்டோம். அவள் வைத்த வெண்டைக்காய்ப் புளிக்குழம்பை வேர்த்து விறுவிறுத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று தமிழில் சொன்னான். எனக்கு அது போதும். பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் பாதியில் கையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்ப இனிமே அவ பேருக்குப் பின்னால என் பேரு இருக்காதா?"

நம் ஊரில் அப்பா என்பவர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கிற ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து செல்லாது, பெயருக்குப் பின்னால் விரித்து எழுதச் சொன்னார்கள். எழுதினோம். கிளாஸ்கோவில் ஒரு ஆஸ்பத்திரியில் என் மகள் டாக்டராகச் சேர்ந்தபோது, அவளுடைய அப்பா பெயரையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, டாக்டர் என்று சொல்லி அதைச் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் இங்கே மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவர். அது தெரிந்த நாள் முதல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "கிளாஸ்கோவுல என் பேரு தெரியாத ஆளு கிடையாது" என்று அளந்துகொண்டிருந்தார்.

கல்யாணம் ஆனால் அந்த இடத்தில் மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் வந்துவிடுமே என்பதுதான் இப்போது கவலை. மாப்பிள்ளை வீட்டுப் பெயர் மக்கின்டயர். அது இவர் வாயில் நுழையவில்லை. "மக்குன்னு ஆரம்பிக்கிற பேரையா எம் மக வச்சுக்கிடணும்? எம்புட்டுப் படிச்ச பிள்ளை" என்று புலம்பினார். ஆதரவு தேடி, தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அக்காவிடம் போனார். அவர்களுக்கு இன்டி பேரு என்று வீட்டுப் பெயர் உண்டு.

"உங்க வீட்டுப் பேரு தலைமுறை தலைமுறையா நிக்கும்லாக்கா?"

"நிக்கும் தம்பி, ஆம்பளையளுக்கு. எனக்கு இவுக வீட்டுக்கு வந்த அன்னைக்கே மாறிப்போச்சு."

தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார். நான் கெஞ்சவில்லை. பசித்தால் தானே வருவார் என்று விட்டுவிட்டேன், வந்தார்.

அடுத்த மாதம் இரண்டு பேரும் ஊருக்கு வந்தார்கள். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வந்து, சாப்பாடும் முடிந்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். இவருக்குப் பொறுக்கவில்லை. "மாப்ள, உங்க பேருக்கு என்னதான் அர்த்தம்?" என்று கேட்டுவிட்டார். மகள் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லி, பதிலைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மக் என்றால் அவர்களுடைய பழைய மலைநாட்டு மொழியில் மகன். முழுப் பெயருக்கும் அர்த்தம் தச்சன் மகன்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மக்னா மகனா? அப்ப அது தமிழுல்லா! நம்மாளு எவனோ அந்தக் காலத்துலயே கப்பலேறிப் போயிருக்கான்." அந்த நிமிஷத்தோடு மக்கு ஒழிந்தது.

தச்சன் என்ற பெயருக்கு அவர்கள் வீட்டில் ஒரு கதை உண்டாம். முன்னோர் ஒருவர் கடலில் போகும்போது படகில் ஓட்டை விழுந்தது. கட்டைவிரலால் அடைத்தார். விரலை எடுத்தால் படகு முழுகும், எடுக்காவிட்டால் துடுப்புப் போட முடியாது. விரலை வெட்டி ஓட்டையிலேயே விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தாராம். அதைப் பார்த்து ஊர் அவருக்குத் தச்சன் என்று பெயர் வைத்தது. "நிஜமா என்று எனக்குத் தெரியாது, தாத்தா சொன்னது" என்று பையன் சிரித்தான்.

பிறகு அவனே சொன்னான். மக் ஆண்பிள்ளைக்குத்தான். பெண்ணுக்கு நிக், அதாவது மகள். அந்தக் காலத்தில் அங்கே கல்யாணமான பெண்களும் அப்பா வீட்டுப் பெயரோடுதான் இருந்தார்கள். கல்லறைக் கல்லில்கூட அந்தப் பெயரைத்தான் வெட்டியிருக்கிறார்கள். இவள் எதற்கு யாரோ ஒரு தச்சனின் மகன் ஆக வேண்டும் என்று கேட்டான்.

"நான் பேரை மாத்தப் போறேன்னு யாருப்பா சொன்னா? நீங்க என்னைக் கேக்கவே இல்லையே" என்றாள் மகள்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கூடவே சுருக்கென்று ஏதோ தைத்தது. என் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் ஒரே பிள்ளை. அவர் இப்போது இல்லை. கல்யாணமான கையோடு ரேஷன் கார்டு, பேங்க் புக் எல்லாவற்றிலும் அவருடைய எழுத்து போய் இவருடைய எழுத்து வந்தது. இப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

"ஏங்க, செத்த நேரம் அந்தக் கையை விடுங்க" என்றேன். "எங்கப்பா எழுத்தை எடுத்துட்டு உங்க எழுத்தைப் போட்டீகளே, அன்னைக்கு அவிய சாப்பிட்டாகளா, பட்டினி கிடந்தாகளான்னு யாராச்சும் கேட்டீகளா?"

மகள் இதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். இவர், "அது ஊரு வழக்கம்ட்டி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். பொறவு காப்பி போட்டேன்.

அதோடு நானும் அதை விட்டுவிட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கு அவரே எழுதி அச்சகத்தில் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அச்சகத்துப் பையன் கூப்பிட்டான். இவர் கை எச்சில் என்பதால் நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி, பொண்ணோட அம்மா பேருக்கு இனிஷியல் தப்பா எழுதியிருக்கீய. உங்க எழுத்தைப் போட்டு நானே திருத்திட்டேன்."

"ஆரைக் கேட்டுலே திருத்துன? அது அவ அப்பா எழுத்து. எழுதிக் குடுத்தபடியே அடி."

அவன் தயங்கினான். "சொந்தக்காரங்க என்ன ஏதுன்னு கேப்பாகளே அண்ணாச்சி."

இவர் என்னைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"கேக்கட்டும்லே. இம்புட்டு வருசமா நான் கேக்கல. அவியளாச்சும் கேக்கட்டும்."