ஆடு விடாத காடு

அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜேடர்பாளையம் போகும் மண்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதம் ஆடு மேய்த்த இடம் பின்னால் போய்விட்டது. போ என்று யாரும் சொல்லவில்லை.

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே செம்மறிப் பட்டி வைத்திருந்தவரிடம்தான் வேலையில் இருந்தேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடைய கிழக்கு மேய்ச்சல் காட்டில் ஒரு கானமயில் வெறும் தரையில் ஒற்றை முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. இடுப்புயரப் பறவை. ஆள் நெருங்கினாலும் எழுந்து ஓடாது, தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் வேலியில் ஆடு நுழையும் கடவை முள் போட்டு அடைத்துவிட்டார். வேலியோரம் போனால்கூட அந்தப் பக்கம் திரும்பமாட்டார். "நாம பாக்கற எடத்தத்தான் நாலு பேரு பாப்பாங்க" என்பார். கேட்டவர்களிடம் அங்கே பாம்பு இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார். மற்ற காடெல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் புல் முழங்காலுக்கு நின்றது.

சந்தையன்று உப்பு வாங்கப் போனேன். இட்டிலிக் கடையில் இரண்டு பேர் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாம்புக்குப் பயந்துக்கிட்டு ஆட்டைப் பட்டினி போடறானாமா, கிறுக்கன்!"

"சீலையக் கட்டிக்கிட்டு ஊட்டுக்குள்ள உக்காரச் சொல்லு."

காலையில் அவர் ஊற்றிய கம்மங்கூழ் இன்னும் வயிற்றில் இருந்தது. பொறுக்கவில்லை.

"பயமெல்லாம் இல்லீங்க. கானமயில் முட்டை வெச்சிருக்குது. அதுக்குத்தான் உட்டு வெச்சிருக்கறாரு" என்றேன்.

சிரிப்பு நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கடவு முள் விலகிக் கிடந்தது. மிதிபட்ட புல்லில் இறகுகளும் ஒரு கண்ணிக் கயிறும் கிடந்தன. உடைந்த முட்டையில் எறும்பு மொய்த்தது. உள்ளே குஞ்சுக்குக் கால் வந்திருந்தது.

"ஆருகிட்டயாச்சும் சொன்னியா, தம்பி?"

"சந்தையில சொன்னனுங்ணா. உங்களைக் கிறுக்கன்னு பேசுனாங்க."

"பேசிட்டுப் போறாங்க. அப்படிப் பேசட்டும்னுதான உட்டிருந்தேன்."

அடிப்பார் என்று நின்றேன். அவர் மிச்ச முள்ளையும் இழுத்துப் போட்டுவிட்டு ஆடுகளை உள்ளே விட்டார். அவை தலை நிமிராமல் மேய்ந்தன. இறகுகளின் மேலேயே நடந்து போயின. மதியம் எனக்கும் கூழ் ஊற்றி வைத்திருந்தார். அதைக் குடிக்க முடியாமல்தான் கிளம்பினேன்.

மறுநாள் காலை, பரமத்தியைத் தாண்டி ஒரு கம்பங்காட்டில் ஆள் வேண்டும் என்றார்கள். கவணும் ஒரு மடிக் கல்லும் கொடுத்துப் பரணில் ஏற்றிவிட்டார்கள். குருவி ஓட்டும் வேலை. ஏறி நின்று ஓட்டினேன்.