முழுதாகப் பார்த்த பெட்டிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இங்கிலீஷில் ஃபேக்ஸ் எழுதத் தெரிந்த பெண் என்று கம்பெனியில் பெயர். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இப்போதும் உண்டு.

ஒருமுறை எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அயர்ன் செய்த துணி சூடு ஆறிய பிறகுதான் கவருக்குள் போக வேண்டும், அதை ஆபீஸ் ஆள் ஒருவர் நேரில் பார்த்து எழுத வேண்டும். சூட்டோடு போட்டால் உள்ளே வேர்த்து, கப்பலில் பூஞ்சை பிடித்துவிடும். அந்த வேலையை முதலாளி என்னிடம் தந்தார். சரியாகச் செய்தால் இனி எல்லா ரிப்போர்ட்டும் என்னுடையது. இல்லையென்றால் பழையபடி பில் போட வேண்டியதுதான்.

பேக்கிங் செக்‌ஷனில் நின்று பார்த்தேன். நடுவில் போன் வந்து ஆபீசுக்கு ஓடினேன். திரும்பியபோது பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஃபேக்ஸில் 'ஐ சா தெம் பேக்' என்று எழுதியதும் பேனா நின்றது. தமிழில் 'கட்டுவதைப் பார்த்தேன்' என்றால் போதும். பாதியா முழுசா என்று அந்த வாக்கியம் கேட்பதில்லை. இங்கிலீஷ் கேட்கிறது. முதலிலிருந்து கடைசிவரை பார்த்தால் 'பேக்'. நடுவில் கொஞ்சம் பார்த்தால் 'பேக்கிங்'. பள்ளியில் மார்க்குக்காக உருப்போட்டது அன்றுதான் விளங்கியது. நான் பார்த்தது 'பேக்கிங்'.

முதலாளியிடம் சொன்னேன்.

"ஏங்கண்ணு, ஒரு ஐஎன்ஜிக்காக லாரிய நிறுத்தச் சொல்றியா?"

"நான் இல்லாதப்ப என்ன நடந்துச்சுன்னு தெரியலீங்க. ஒரு பெட்டியப் பிரிச்சுப் பாத்தர்லாமுங்க."

பிரித்தோம். கவரின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். லாரி வந்துவிடுமே என்ற அவசரத்தில் சூட்டோடு அள்ளிப் போட்டிருக்கிறார்கள். முதலாளி எல்லாப் பெட்டியையும் பிரிக்கச் சொன்னார்.

மேசையெல்லாம் துணியைப் பரப்பி, ஃபேன் போட்டு ஆறவைத்தார்கள். நான் ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணச் சிமிட்டிறாதீங்க டீச்சரம்மா, அதுக்கும் இங்கிலீஷ்ல ஏதாச்சு இருக்கப் போகுது" என்றார் கவர் போடும் அக்கா. மேசை முழுக்கச் சிரிப்பு.

"டீ குடிக்கவாச்சு போவீங்களா?"

"இங்கயே கொண்டாரச் சொல்லுங்கக்கா."

நானும் சிரித்தேன். ஆனால் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டும்வரை நகரவில்லை. பிறகு ஆபீசுக்குப் போய், 'ஐ சா தெம் பேக்' என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன். முதலாளி நிதானமாகப் படித்தார்.

"அனுப்பீரு. நாளையிலிருந்து பில்லுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன் கண்ணு" என்றார்.