‘வேற குடிதானே’ என்று நம்பினேன்

மரபணு ஆலோசனை முதுமாணிப் படிப்புக்கான நேர்முகத்தில், “எங்கள் ஊர் ஆக்களை எனக்கு நன்றாகத் தெரியும்” என்று சொல்லித்தான் இடம் பிடித்தேன். பயிற்சிக்கும் எங்கள் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள்.

ஒருநாள் சாய்ந்தமருதிலிருந்து ஓர் உம்மா, மகளையும் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையையும் கூட்டி வந்தார். மாப்பிள்ளையின் இரத்தத்தில் தலசீமியாக் குறை இருந்தது. பெண்ணுக்கும் இருந்தால், பிறக்கும் பிள்ளை வாழ்நாளெல்லாம் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம்.

“ரெண்டு பேரும் இரத்த சொந்தமா?” என்று கேட்டேன்.

“இல்ல மகள், வேற வேற குடி” என்றார் உம்மா.

எங்கள் பகுதியில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வரும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. வேறு குடி என்றதும் எனக்கு நிம்மதி.

“அப்ப பயம் குறைவு. கலியாணம் முடிய டெஸ்ட் எடுக்கலாம்” என்று எழுந்தேன்.

உம்மா சிரித்தார். “சுனாமி அண்டைக்கு இவளத் தூக்கிட்டு ஓடினதே மாப்பிள்ளட வாப்பாதான். என்ட கூடப்பிறந்த காக்கா.”

காக்கா என்றால் சொந்த அண்ணன். அண்ணனின் பிள்ளைகள் அவர் மனைவியின் குடியல்லவா? குடி வேறுதான், இரத்தம் ஒன்று!

“இரிங்க, இரிங்க! இண்டைக்கே இரத்தம் எடுப்பம்.”

முடிவு வந்தது. பெண்ணுக்குக் குறை இல்லை. அல்ஹம்துலில்லாஹ்!

இப்போது “சொந்தமா?” என்று கேட்பதோடு விடுவதில்லை. உம்மாவோடு, வாப்பாவோடு கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறேன். எங்கள் ஊர் ஆக்கள் என்றால் இரண்டு தரம் கேட்கிறேன்.