காக்காவின் உருவில் வந்தது

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அட்டாளைச்சேனைக் கடற்கரையில் பட்டப்பகலில் ஒரு ஜின்னைப் பார்த்தேன். அது என் காக்காவின் உருவில் இருந்தது. எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரனைக் காக்கா என்போம். என் காக்கா அப்போது கண்டிப் பக்கத்தில், பல்கலைக்கழகக் கெம்பஸில் படித்துக்கொண்டிருந்தார். அதாவது, அப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பொறியியல் படிக்கத் தெரிவான முதல் பிள்ளை அவர். பள்ளிவாசலில் பெயர் சொல்லி துஆக் கேட்டார்கள். சந்தியில் படம் போட்டுப் பெனர் கட்டினார்கள். சில மாத வெயிலில் அந்த முகம் வெளிறி, கண்கள் மட்டும் கறுப்பாக மிஞ்சின. அந்த இடத்தைக் கடக்கும்போது நான் நிலத்தைப் பார்த்தே நடப்பேன்.

வாப்பா கடலுக்குப் போகிறவர். கரைக்கு வரும் தோணியின் எஞ்சின் சத்தத்தை வைத்தே, எதில் கோளாறு என்று காக்கா சொல்லிவிடுவார். கரையில் நிற்பவர்கள் சிரித்து மெச்சுவார்கள். வாப்பாவுக்கு மட்டும் முகம் சுருங்கிவிடும். "இந்தக் கிறீஸ் என்ட கையோட முடியட்டும்" என்பார். காக்காவுக்கு என்ன விருப்பம் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் கெம்பஸுக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு அட்டாளைச்சேனையிலிருந்த சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கையின், வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம், சாச்சிக்குச் சொல்லாமல் சிப்பி பொறுக்கக் கடற்கரைக்குப் போனேன். மணலில் ஒரு ஆளில்லை. மீனவர்கள் வலையும் எஞ்சினும் வைக்கும் ஓலை வாடி ஒன்றுக்குள்ளிருந்து எஞ்சின் இருமி இருமி நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முழங்கைவரை கறுத்த ஒருவர் குனிந்து நின்றார். காதுக்குக் கீழே காக்காவின் மச்சம்.

"காக்கா!" என்றேன்.

திரும்பிய முகம் காக்காவுடையதுதான். ஆனால் கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்திருந்தது. என்னை நெடுநேரம் இமைக்காமல் பார்த்தது.

"யாரு புள்ள நீ?"

குரலும் காக்காவின் குரல்.

"நான்தான்... உங்கட தங்கச்சி."

"எனக்குத் தங்கச்சி இல்ல. வெயிலுக்க நிக்காம ஊட்ட போ."

ஓடிவந்து விழுந்ததில் என் முழங்கால் சிராய்ந்தது. சாச்சி உம்மாவுக்குப் போன் எடுத்தார். உம்மா காக்காவுக்கு எடுத்தார். அவர் சொன்னதை உம்மா திரும்ப எங்களுக்குச் சொன்னார்: "அவன் லெக்சர்லயாம். பொறகு கதைக்கானாம்." அதோடு, "பின்னால கடல் இரையிற மாதிரிக் கேட்டிச்சி" என்றார். கடலே இல்லாத கண்டிக்கும் ஜின் போய்விட்டது என்று நான் பயந்தேன்.

"உச்சி நேரத்துல தனியப் போனா அப்பிடித்தான்" என்று சொல்லி, பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்குத் திரும்பி, மூன்று நாள் அதைக் குடித்தேன். அதன் பிறகு என் கண்களையே நான் நம்பவில்லை. உம்மா கூப்பிட்டால்கூட, கால்கள் நிலத்தில் படுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

அந்தக் கிழமை வாப்பா கருவாடும் மாசியும் கட்டிக்கொண்டு, காக்காவைப் பார்த்துவர பஸ் ஏறினார். மறுநாள் அதே பொதியுடன், கட்டுப் பிரியாமல் திரும்பி வந்தார். "நல்லா இரிக்கான். படிப்புத்தான், வேறென்ன" என்றார். பிறகு ஏணி ஒன்றை இரவல் வாங்கிப் போய், சந்தியிலிருந்த பெனரைத் தன் கையாலேயே கழற்றினார். கிழிந்துவிட்டதாம்.

உண்மையைப் பல வருடங்களுக்குப் பிறகு காக்காவே சொன்னார். மூன்றாம் மாதமே படிப்பை விட்டுவிட்டாராம். "பலகையில எஞ்சின் படம் கீறுவாங்க. அதுக்குச் சத்தமும் இல்ல, மணமும் இல்ல. அங்க இரிக்க இரிக்க நானே இல்லாமப் போற மாதிரி இரிந்திச்சி" என்றார். வாப்பா அவரோடு பேசுவதற்கு இரண்டு வருடம் சென்றது. இன்று கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை பழுதான தோணிகள் அவருக்காகக் காத்திருக்கின்றன. அவரோடு கெம்பஸ் போன ஒருவர் பாலம் கட்டுகிறார், சந்தோஷமாக. அந்தப் பாலத்தைப் பற்றிக் காக்கா பெருமையாகவே சொல்வார்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்தது ஜின் மட்டும்தான்.

வாப்பா திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து, அவர் கடலுக்குப் போயிருந்த வேளையில், உம்மா என் தலையை வாரியபடி கேட்டார்: "அது மெலிஞ்சா இரிந்திச்சி?"

"ஓம் உம்மா. கன்னமெல்லாம் ஒட்டி."

சீப்பு அப்படியே நின்றது. பிறகு உம்மா எழுந்துபோய்ச் சோறும் பொரித்த மீனும் வாழையிலையில் கட்டினார். இருவரும் அட்டாளைச்சேனைக்குப் பஸ் ஏறினோம். சாச்சி வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடற்கரைக்குப் போய், கரையேற்றியிருந்த ஒரு தோணிக்குப் பின்னால் உம்மா நின்றுகொண்டார்.

"இத அந்த வாடி வாசல்ல வெச்சிட்டு ஓடி வா. வாப்பாக்குச் சொல்லப்படாது."

"ஜின்னுக்கா உம்மா?"

"ஓம் மகள். பசிச்சா அது ஆக்களப் புடிக்கும்."

வைத்துவிட்டு ஓடிவந்தேன். திரும்பிப் பார்த்தபோது, முழங்கைவரை கறுத்த ஒரு கை வாசலுக்கு வெளியே வந்து, பொதியை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

உம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள்கள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு ஏன் இங்கே வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

"பயப்படாதீங்க உம்மா, அது வெளிய வரமாட்டாது" என்றேன். எனக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதி, அவர் முகத்தில் ஊதிவிட்டேன்.