மேல போங்கன்னு சொன்னது யாரு

நீங்கள் சிரிப்பீர்கள், தாராளமாகச் சிரியுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன். ஜின் பிடித்தது, பேய் அடித்தது என்று யாராவது வந்தால் 'பியூஸ் போயிருக்கும், பாருங்க' என்று கேலி பண்ணுகிற ஆள் நான். ஏழு வருஷம் வளைகுடாவில் இழுவைக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவனுக்கு, கம்பியில் கரண்ட் வருகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி. இது நடந்த பிறகும் பேயை நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான், அல்லா மேல் ஆணை.

இப்போது எங்கள் துறைமுகத்தில் எந்தப் படகில் ஏறினாலும் ஜி.பி.எஸ். இருக்கிறது, திரையில் கடல் வரைபடமே தெரிகிறது, நம் படகு அதில் ஒரு சின்ன அம்புக்குறியாக ஊர்ந்து போகிறது. நான் சொல்வது எண்பதுகளின் நடுவில், அன்றைக்கு எங்கள் கரையில் காம்பஸ் வைத்திருந்தவனே பெரிய ஆள். நான் ஊர் திரும்பும்போது உடைக்கப் போன ஒரு கப்பலிலிருந்து சாட்நாவ் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ரேடியோ அளவு இருக்கும், நாம் கடலில் எங்கே இருக்கிறோம் என்று பச்சை எழுத்தில் இரண்டு எண் காட்டும். வடக்கே போனால் முதல் எண் கூடும், கிழக்கே போனால் இரண்டாவது எண் கூடும், அவ்வளவுதான். அதுவும் செயற்கைக்கோள் ஒன்று தலைக்கு மேல் வந்து போகும்போதுதான் உண்மையைச் சொல்லும், அதற்கு ஒன்றரை மணி நேரமும் ஆகும், மூன்று மணி நேரமும் ஆகும். நடுவில், இந்தத் திசையில் இத்தனை வேகத்தில் போகிறோம் என்று நாம் தட்டிவிடுவதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டுக் காட்டும். நாம் பொய் சொன்னால் அதுவும் பொய் சொல்லும்.

சுங்கம் கட்டாமல் கொண்டுவந்த சாமான் என்பதால் அதை ஒருத்தர் கண்ணிலும் காட்டாமல் என் ரிப்பேர் கடையில் பூட்டி வைத்திருந்தேன். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவேட்டக்குடி செல்வராசு ஓடி வந்தார். சொந்தமாக லாஞ்சு வைத்திருப்பவர், டைனமோ ரிப்பேருக்கு என்னிடம்தான் வருவார். அன்றைக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"பாய், வியாழக்கெழம விடியக்காலம் போன என் தம்பி மாரியும் தங்கச்சி புருஷன் காத்தானும் இன்னும் கர திரும்பல. ரெண்டு பேருதான் படகுல. எஞ்சின் நின்னுருக்கும். தண்ணி ஒரு கொடந்தான் எடுத்துட்டுப் போனானுவோ."

அதற்குமேல் சுங்கமாவது ஒன்றாவது, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை விடிவதற்குள் லாஞ்சு கூரையில் ஏரியலைக் கட்டி, பாட்டரியில் இணைத்து, செல்வராசு சுக்கானில், நான் பெட்டியோடு, படகு முனையில் நல்ல கண்பார்வை உள்ள ஆள் ஒருத்தர் என்று புறப்பட்டோம். வியாழன் மத்தியானம் அவர்கள் வலை போட்டுக்கொண்டிருந்ததை இன்னொரு படகுக்காரர் பார்த்திருந்தார், கரையிலிருந்து கிழக்கே அங்கே போய்ச் சேரவே நேரம் பிடித்தது. சோழகக் காற்று தெற்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது, நீரோட்டமும் வடக்கே. எஞ்சின் நின்ற படகு வடக்கேதானே போயிருக்கும்? பத்து மணி வாக்கில் செயற்கைக்கோள் வந்து எங்கள் இடத்தைச் சரியாகக் காட்டியது. நான் பேப்பரில் கணக்குப் போட்டு, தலையைத் தூக்காமலே சொன்னேன்.

"நம்பர் இன்னும் பன்னெண்டு ஏறணும். மேல போங்க செல்வராசு, மேல."

சொல்லிவிட்டு வடக்கு என்றும் ஆறு மைல் வேகம் என்றும் பெட்டியில் தட்டிவிட்டேன். செல்வராசு மறுபேச்சில்லாமல் சுக்கானைத் திருப்பினார். பச்சை எண் வடக்கே வடக்கே என்று ஏறிக்கொண்டே இருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரிக் கடல் கண்ணைக் கூசவைத்தது, நான் தார்ப்பாய் நிழலில் பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு அடுத்த செயற்கைக்கோள் வந்தது, எண் படாரென்று மாறியது. முதல் எண் ஏறவே இல்லை, இரண்டாவது எண் சரசரவென்று இறங்கிக் கிடந்தது. பதறிப்போய் எழுந்து காம்பஸைப் பார்த்தால் நேராக மேற்கு.

"யோவ், எங்கய்யா போறீங்க? கரைக்கா?"

"நீங்கதான பாய் மேல போங்கன்னீங்க!"

"மேலன்னா வடக்குய்யா!"

"எந்த ஊருல பாய் மேலன்னா வடக்கு? எனக்கும் சந்தேகந்தான். பொட்டி சொல்லுது, நமக்கு என்னா தெரியும்னு திருப்புனேன்."

அவர் சொன்னது நியாயம். மேலத் தெரு எந்தப் பக்கம் என்று எங்கள் ஊர்க் குழந்தையைக் கேட்டாலும் மேற்கே கை காட்டும், எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஏழு வருஷம் கப்பல் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, வடக்கு மேலே இருக்கிறது, மேலே என்றால் வடக்கு என்று நாக்கில் ஏறிவிட்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் வீண், இரண்டு உயிர், என் வாய்க் கொழுப்பு என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதுதான் முனையில் நின்றவர் கத்தினார். நீலத் தார்ப்பாய் ஒன்று தூரத்தில் தெரிந்தது.

மாரியின் படகுதான். மாரி மட்டும்தான் இருந்தான். உதடெல்லாம் வெடித்து, கையில் ஒரு பலகையைத் துடுப்பு மாதிரிப் பிடித்தபடி கிடந்தான். தூக்கி எங்கள் படகில் கிடத்தித் தண்ணீரைத் துளித் துளியாக விட்டோம். கண்ணைத் திறந்தவன் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"ஏன் பாய் நேத்து எங்கள விட்டுட்டுப் போனீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் விட்டு விட்டுச் சொன்னான்.

"நேத்து உச்சி வெயில்ல லாஞ்சு வந்துச்சு. நீங்கதான் நின்னீங்க, வெள்ள ஜிப்பா, தொப்பி. இடது கையில பச்ச எழுத்து எரியிற பொட்டி. மேல போங்க, மேல போங்கன்னு சத்தம் போட்டீங்க. நிப்பாட்டவே இல்ல. காத்தான் மாமா குதிச்சு நீந்துனாரு, உங்க கிட்டக்க போயிட்டாரு. பொறவு லாஞ்சும் இல்ல, மாமாவும் இல்ல. நான் தார்ப்பாயக் கட்டி, நீங்க சொன்னபடி மேல பாத்துப் பலகையப் போட்டுக்கிட்டே வந்தேன்."

தாகத்தில் வந்த பிரமை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் சனிக்கிழமை விடியற்காலை வரை அந்தப் பெட்டியை என்னைத் தவிர ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. மீட்கப் போனபோது நான் போட்டிருந்தது எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை. வெள்ளை ஜிப்பாவும் தொப்பியும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும்தான் போடுவேன். வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் நான் பள்ளிவாசலில் இரண்டாவது வரிசையில் நின்று தொழுதுகொண்டிருந்தேன், பார்த்த சாட்சி நூறு பேர் இருக்கிறார்கள். பெட்டி கடையில் பூட்டிக் கிடந்தது, சாவி என் இடுப்பில்.

காத்தானை மறுநாளும் தேடினோம், கிடைக்கவில்லை. ஆனாலும் மாரி பிழைத்தானே என்று ஊர் கூடி எனக்குத் துண்டு போர்த்தியது, 'பாய் பொட்டி காப்பாத்திடுச்சு' என்று ஒரே பேச்சு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காத்தானின் மனைவி பார்வதி கடைக்கு வந்தாள். அழவில்லை. கடை வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அவரு உங்க கிட்டக்க நீந்தி வந்தாராமே பாய். கையி நீட்டுனாரா?"

"நான் அங்க இல்லம்மா. பள்ளிவாசல்ல இருந்தேன், யாரை வேணும்னாலும் கேளு."

"அப்ப மாரிக்கு வழி சொன்னது யாரு? அது நீங்கதான்னு துண்டு வாங்கிக்கிட்டீங்கல்ல?"

அவள் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்றைக்கு அவளிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். மாரி கிடைத்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போக ஆணியில் தொங்கிய ஜிப்பாவை எடுத்தேன், அதன் வலது கை விறைத்துக் கிடந்தது. தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்த தண்ணீர் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒளு செய்தால் இரண்டு கையும் அல்லவா நனையும், அதுவும் முழங்கை வரைக்கும்தானே நனையும். இது தோள் வரைக்கும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல் உப்பு. இடது கை சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. வலது மணிக்கட்டுப் பக்கம் பித்தான் பிய்ந்து, துணி கீழ்நோக்கி இழுபட்டுக் கிழிந்திருந்தது.

காத்தான் கை நீட்டியிருக்கிறார், இந்தக் கையைப் பிடித்தும் இருக்கிறார். அதற்கப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.